நெத்திலி என்றால் இடது

நவம்பர் 30

பயிற்சியில் செய்ததை அன்றன்றைக்கு எழுதி வைக்க வேண்டும் என்று சண்முகக்கனி மேடம் உத்தரவு போட்டிருக்கிறார். எங்கள் கல்லூரியின் உடற்கல்வி மேடம், சாஃப்ட்பால் அணிக்கும் அவர்தான் கோச். எழுதினால் வாங்கிப் படிப்பீர்களா என்று கேட்டேன். "ஒன் கோழிக்கிறுக்கல வாசிக்க எனக்கு ஆயுசு பத்தாது பேச்சி. ஒனக்காக எழுது" என்றார். சரி, எனக்காகவே எழுதுகிறேன்.

காலை: மைதானத்தைச் சுற்றி ஓட்டம். ஒற்றை முழங்காலில் நின்று எறிதல். பிறகு ஜெனோவா பந்து போட, நான் பிடித்தேன். ஜெனோ எங்கள் பிட்சர். கையை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி இடுப்புக்குக் கீழே இருந்து விடுவாள். பந்து வருவது தெரியாது, கிளவுஸில் வந்து விழுந்த சத்தம்தான் தெரியும். நான் கேட்சர். பேட்டர் நிற்கிற தட்டுக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து, எங்கே போட வேண்டும் என்று விரலால் காட்டி, போட்டதைப் பிடிப்பது என் வேலை. காலேஜில் சேர்ந்ததிலிருந்து அவள் போடுகிறாள், நான் பிடிக்கிறேன். ஆட்டம் பார்க்க வருகிறவர்கள் அவளைத்தான் பார்ப்பார்கள். என் முகத்தை மாஸ்க் மறைத்துவிடும். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

மாலை: பெப்பர். ஒருத்தி பேட்டோடு நிற்க, நாலைந்து பேர் கிட்டத்திலேயே அரைவட்டமாக நின்று பந்தை மெதுவாகப் போடுவார்கள். அவள் தட்டிக் கொடுக்க வேண்டும். யார் பக்கம் வருகிறதோ அவள் பிடித்து உடனே திரும்பப் போட வேண்டும். கண்ணும் கையும் சேர்ந்து பழகுவதற்கான பயிற்சி. தட்டத்தான் வேண்டும், அடிக்கக் கூடாது.

இதில் மேடத்துக்கென்று ஒரு தனி வழி உண்டு. மற்ற கோச்சுகள் பந்தைப் பார், பந்தைப் பார் என்று தொண்டை கிழியக் கத்துவார்கள். எங்கள் மேடம், "மூஞ்சியப் பாருங்கட்டி" என்பார். "பந்தப் பாத்துப் புடிக்க இங்க நேரம் கெடையாது. எங்க அடிக்கப் போறான்னு பேட் புடிச்சிருக்கவ மூஞ்சியிலயே தெரிஞ்சிரும்."

"எம் மூஞ்சில என்ன மேடம் தெரியுது?" என்று பேட்டோடு நின்ற நான் கேட்டேன்.

"பசி தெரியுது" என்றாள் ஜெனோ. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். உண்மையிலேயே பசிதான்.

ஜனவரியில் பல்கலைக்கழக அணிக்கான தேர்வு. எங்களுக்குக் கடைசி வருடம். அணியில் ஆடின சான்றிதழ் இருந்தால் உடற்கல்விப் படிப்புக்கு இடம் கிடைக்கும். இல்லையென்றால் ஜெனோ கடற்கரையில் அம்மாவோடு கருவாடு காயப் போடப் போவாள். நான் அப்பாவின் வத்தல் கடையில் தும்மிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

டிசம்பர் 4

மழை. சைக்கிள் ஷெட்டில் சுவரில் பந்தெறிந்து பிடித்தோம். இரண்டாம் வருஷத்து உமாவும் கேட்சர் கிளவுஸ் மாட்டிக்கொண்டு பிடித்தாள். கை அசையாமல் பிடிக்கிறாள். மேடம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஷெட்டில் சுவரிலிருந்து வருகிற பந்தை யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம்.

டிசம்பர் 7

நாளை மறுநாள் முதல் ஜெனோவுக்கு உமா பிடிப்பாளாம். "சும்மா ஒரு மாத்தத்துக்கு. தேர்வுல ரெண்டு கேட்சர் வேணும்லா" என்றார் மேடம்.

மேடத்துக்கு இந்த யோசனை தானாக வரவில்லை என்று எனக்குத் தெரியும். துணி துவைக்கிற இடத்தில் ஜெனோவிடம் கேட்டேன். அவள் மறைக்கவும் இல்லை. அவளுக்கு மறைக்கத் தெரியாது.

"நாந்தாம்ட்டி சொன்னேன். நீ பந்தப் புடிச்சதும் உள்ள இழுத்துருத. நல்ல பந்தும் அம்பயருக்குத் தப்பாத் தெரியுது. உமா கை நிக்கிது. தேர்வு பாக்க வாரவுக அதத்தான் பாப்பாக. கோவமா?"

கோபமெல்லாம் இல்லை என்று சொன்னேன். அவளுடைய பனியனையும் சேர்த்து நானே அலசிப் போட்டேன்.

டிசம்பர் 9

உமா பிடித்தாள். என்னை ரைட் ஃபீல்டில் நிறுத்தினார்கள். அங்கே பந்து வராது. கொசு வரும்.

டிசம்பர் 10

இன்று ஒரு விபத்து.

மாலை பெப்பர். நான் பேட். எதிரே ஜெனோ, உமா, இன்னும் மூன்று பேர். உமாவும் ஜெனோவும் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். உமா பந்து போட்டாள். மெதுவாகத்தான் வந்தது. நான் தட்டினேன். கொஞ்சம் வேகமாகத் தட்டிவிட்டேன் போலிருக்கிறது. மழையில் பந்து ஊறியிருந்தது. பேட் பிடியில் சுற்றின டேப் பிய்ந்து கிடக்கிறது, மாற்ற வேண்டும் என்று மேடத்திடம் எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. பந்து நேராக ஜெனோவின் இடது கண்ணில் போய்ப் பட்டது. அவள் கிளவுஸைத் தூக்கவே இல்லை. பந்தைப் பார்த்திருந்தால் தூக்கியிருப்பாள்.

அவள் சத்தம் போடவில்லை. அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். ஐஸ் வாங்க நான்தான் கேன்டீனுக்கு ஓடினேன். வேறு யாருக்கும் ஓடத் தோன்றவில்லை, சுற்றி நின்று ஐயோ ஐயோ என்றார்கள்.

"எதுக்குட்டி அப்படி அடிச்ச?" என்று மேடம் கேட்டார்.

"கை வழுக்கிருச்சு மேடம்."

டிசம்பர் 11

பஜாரில் இருக்கிற டாக்டரிடம் மேடமும் நானும் கூட்டிப் போனோம். ரத்தம் கட்டியிருக்கிறது, பார்வைக்கு இப்போது ஒன்றுமில்லை என்றார். சொட்டு மருந்து எழுதினார். "கண்ணுல பூச்சி பறக்குற மாதிரியோ, திரை போட்ட மாதிரியோ இருந்தா ஒடனே பெரிய கண்ணாஸ்பத்திரிக்குப் போயிரணும், தள்ளிப் போடக் கூடாது" என்றார். மேடம் அப்போது வெளியே போனில் பேசிக்கொண்டிருந்தார். நானும் ஜெனோவும்தான் கேட்டோம்.

இரவுச் சாப்பாட்டை நான் எடுத்துவந்து ஊட்டிவிட்டேன். "எனக்கு வாயில அடிபடலட்டி" என்றாள். ஆனால் வாங்கிக்கொண்டாள்.

டிசம்பர் 15

ஜெனோ மைதானத்துக்கு வந்துவிட்டாள். கண் சிவந்திருக்கிறது, அவ்வளவுதான்.

உமா திருப்பி எறிந்த பந்தை ஜெனோ இரண்டு முறை விட்டுவிட்டாள். மூன்றாவது தோளில் பட்டது. பயிற்சி முடிந்ததும் மேடத்திடம் போய் ஏதோ சொன்னாள். மேடம் என்னைக் கூப்பிட்டார்.

"பழகுன கைதான் வேணுமாம் மகாராணிக்கு. நாளையிலருந்து நீயே புடி."

எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. எழுதினால்தான் என்ன, சந்தோஷம்தான். கேட்சர் கிளவுஸுக்குத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்தேன்.

டிசம்பர் 18

மெஸ்ஸில் ஜெனோ சாம்பார் ஊற்றினாள். பாதி தட்டில், பாதி மேஜையில். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

துவைக்கிற கல்லுக்குப் பின்னால் கூட்டிப் போய் வலது கண்ணைப் பொத்தச் சொன்னேன். என் கையை மேலே தூக்கினேன். தெரிகிறது என்றாள். கீழே கொண்டுவந்தேன். கை எங்கே என்று கேட்டாள்.

"கீழ கறுப்பா ஏதோ நிக்கிதுட்டி. தண்ணி ஏறுற மாதிரி. மொதல்ல பூச்சி பறந்துச்சு, மின்னுச்சு. ரெண்டு நாளா இது."

"டாக்டர் சொன்னாருல்லா..."

"சொன்னாரு. போனா படுக்க வச்சிருவாக. தேர்வு போயிரும். அது முடியட்டும் பேச்சி. நீ யார்கிட்டயும் சொல்லாத."

நான் சொல்ல மாட்டேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அவள் கேட்டதால் செய்தேன். நானாகச் சொல்லவில்லை, இது அவளுடைய முடிவு. தேர்வு ஜனவரி ஆறாம் தேதிதானே. கண் எங்கே ஓடிவிடப் போகிறது.

டிசம்பர் 20

அவளுக்கென்று தனிப் பயிற்சி போட ஆரம்பித்திருக்கிறேன். மேடத்துக்கே தோன்றாத பயிற்சி.

ஒன்று: பந்தைத் திருப்பி எறியும்போது அவளுடைய வலது தோளுக்கு நேராகத்தான் எறிய வேண்டும். நூறு தடவை எறிந்தாலும் அதே இடம்.

இரண்டு: பந்தை விட்டு முடித்ததும் அவள் முகத்தைக் கொஞ்சம் இடது பக்கம் திருப்பி நிற்க வேண்டும். அப்போது நல்ல கண் நடுவுக்கு வந்துவிடும். மேடம் பார்த்துவிட்டு, என்ன ஸ்டைல் எல்லாம் மாறுது என்று கேட்டார். கழுத்துப் பிடிப்பு என்றேன்.

மூன்று: வலது கை ஆட்டக்காரிகளுக்கு உடம்போடு ஒட்டித்தான் பந்து போடச் சொல்வேன். அப்படிப் போட்டால் அடி மூன்றாம் பேஸ் பக்கம்தான் போகும். அது ஜெனோவின் வலது பக்கம். நாங்கள் அடிக்கிற முறை வந்தால் அவளுக்குப் பதிலாக வேறொருத்தி பேட் பிடித்துக்கொள்வாள். பிட்சருக்கு அப்படிச் செய்வது எங்கும் வழக்கம்தான், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

டிசம்பர் 22

இன்னும் ஒரு ஓட்டை இருக்கிறது. எல்லாப் பந்தும் மூன்றாம் பேஸ் பக்கம் போகாது. நேராக அவள் மேல் வருவதும் உண்டு. அதற்கு ஜெனோவே ஒரு யோசனை சொன்னாள்.

"நீ கத்திச் சொல்லுட்டி. பேட்டர் காலு போற பக்கம் ஒனக்குத்தான் மொதல்ல தெரியும். இடதுன்னு கத்துனா மத்தவளுகளுக்கு வெளங்கிரும். வேற பேரு வைப்போம்."

அவள் கடற்கரைக்காரி. மீன் பேரைத் தவிர வேறு என்ன பேர் வரும்? நெத்திலி என்றால் இடது. சாளை என்றால் வலது. நெத்திலி என்றதும் கிளவுஸை முகத்தின் இடது பக்கம் தூக்கிக்கொண்டு குனிந்துவிட வேண்டும்.

டென்னிஸ் பந்தை வைத்து மாலை முழுவதும் பழகினோம். நான் பேட்டால் அடிப்பேன், அடிக்கும்போதே கத்துவேன். நெத்திலி! சாளை! நெத்திலி! மற்ற பெண்கள் கேட்டுவிட்டு, மார்க்கெட் போட்டாச்சா, கிலோ எவ்வளவு என்று கேலி செய்தார்கள். ஜெனோவும் சிரித்தாள். முதலில் நிறையப் பந்து பட்டது. போகப் போகக் குறைந்தது. கண் கட்டி விளையாடுகிற விளையாட்டு போல எங்களுக்கே அது பிடித்துப் போய்விட்டது.

இப்போது அவளுக்கு என்னை விட்டால் வேறு யாராலும் பிடிக்க முடியாது.

டிசம்பர் 24

ஜெனோ கிறிஸ்துமஸுக்கு ஊருக்குக் கிளம்பினாள். பஸ் ஸ்டாண்டு வரை போனேன்.

"அம்மைட்ட சொல்லிரவாட்டி?" என்று கேட்டாள். "ராத்திரி பயமா இருக்கு. கறுப்பு பாதிக்கு மேல வந்துட்டு."

சொன்னால் என்ன ஆகும் என்று எடுத்துச் சொன்னேன். அம்மா அழுவார். பண்டிகை வீடு எழவு வீடாகிவிடும். உடனே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போவார். இவ்வளவு நாள் பாடுபட்டதெல்லாம் வீண். இன்னும் பதிமூன்று நாள்தானே.

"நீ சொன்னா சரிதான்" என்று பஸ்ஸில் ஏறினாள். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தவள் எனக்குக் கை காட்டினாள். நான் நின்றது அவளுக்கு இடது பக்கம். அவள் வேறு எங்கேயோ பார்த்துக் காட்டினாள்.

டிசம்பர் 29

ஜெனோ திரும்பிவிட்டாள். அம்மாவிடம் சொல்லவில்லை. எனக்கென்று ஒரு பொட்டலம் கருவாடு கொடுத்துவிட்டிருக்கிறார் அம்மா. நெத்திலிக் கருவாடு. இரண்டு பேரும் பார்த்துச் சிரித்தோம். பிறகு ஜெனோ அழுதாள்.

ஜனவரி 2

ஆட்டம் அருமையாக வருகிறது. மேடம் எல்லார் முன்னாலும், "ரெண்டு பேரும் ஒரே உடம்பு மாதிரி ஆடுதீங்க" என்று சொன்னார். மேடம் யாரையும் லேசில் பாராட்டுகிறவர் இல்லை.

சாயங்காலம் உமா என் பின்னாலேயே வந்தாள்.

"அக்கா, ஜெனோக்காவுக்கு இடது பக்கம் கண்ணு சரியா தெரியலயோ? காலைல வாசக் கதவுல மோதிக்கிட்டாங்க."

"ஒனக்கு எப்படியாவது கேட்சர் ஆயிரணும், அதான?" என்றேன். "போயி மேடத்துட்ட சொல்லேன். வயித்தெரிச்சல்ல சொல்லுதன்னு எல்லாருக்கும் தெரியும்."

அவள் முகம் சுண்டிப் போய்விட்டது. சின்னப் பிள்ளை. கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் இனி வாயைத் திறக்க மாட்டாள்.

ஜனவரி 5

நாளை. ஷூவுக்கு வெள்ளை அடித்தேன். ஜெனோவுடையதற்கும் நானே அடித்தேன். அவள் ஜெபம் பண்ணிக்கொண்டிருக்கிறாள். தேர்வு முடிந்ததும் மறுநாளே ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிப் போகிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

ஜனவரி 6

இன்று வேண்டாம். நாளை எழுதுகிறேன்.

ஜனவரி 7

ஒழுங்காக எழுதிவிட வேண்டும். பிறகு யாராவது ஏதாவது சொல்வார்கள்.

ஷாமியானாவுக்குக் கீழே தேர்வாளர்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். இன்னொரு கல்லூரி அணியோடு ஆட்டம், நன்றாகத்தான் போனது. ஜெனோ இவ்வளவு வேகமாகப் போட்டு நான் பார்த்ததில்லை. வந்தவளெல்லாம் காற்றில் சுற்றிவிட்டுப் போனாள். நான் வழக்கம்போல உள்ளே உள்ளே என்று விரல் காட்டினேன், நெத்திலி சாளை என்று கத்தினேன். இரண்டு தடவை பந்து அவள் பக்கம் போனது. இரண்டையும் அழகாகத் தடுத்தாள். தேர்வாளர்களில் ஒருவர் கை தட்டினார். எங்களுக்கு இடம் நிச்சயம் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

பிறகு அவர்களுடைய இடது கை ஆட்டக்காரி வந்தாள். இடது கைக்காரி இழுத்து அடித்தால் பந்து ஜெனோவின் கெட்ட கண் பக்கம் வரும். அவள் உடம்பை விட்டுத் தள்ளி வெளியே போடச் சொல்லி விரல் காட்டினேன். முதல் பந்துக்கு அவள் சுற்றினாள், நான் "நெத்திலி" என்று கத்தினேன். பந்து கோட்டுக்கு வெளியே போய் விழுந்தது.

அந்தப் பெண் திரும்பி அம்பயரிடம், "சார், நான் அடிக்கும்போது பின்னால நின்னு கத்துறா சார்" என்றாள்.

அம்பயர் ஆட்டத்தை நிறுத்தினார். என் அருகில் வந்து குனிந்தார். "கேட்சர், பேட்டர் பேட்டச் சுத்தும்போது சத்தம் வரக் கூடாது. இன்னொரு தடவ வந்தா வெளிய அனுப்பிருவேன். தேர்வு ஆட்டம்மா இது, பாத்துக்கோ."

தேர்வாளர்கள் இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். ஒருவர் ஏதோ எழுதினார்.

ஜெனோவிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி கை தூக்கியிருக்கலாம். எல்லாம் இப்போது தோன்றுகிறது. அப்போது அதற்கெல்லாம் நேரம் இல்லை. அம்பயர் ஆடுங்கள் என்று சொல்லிவிட்டார். ஜெனோவுக்கு அங்கே என்ன பேச்சு நடந்தது என்று தெரியாது. நான் கத்துவேன் என்று நம்பி நின்றாள்.

பந்து வந்தது. அந்தப் பெண்ணின் முன்கால் திரும்பியது. எங்கே அடிக்கப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வாயைத் திறந்தேன். தொண்டை அடைத்துக்கொண்டது. தூசி. ஜனவரியில் அந்த மைதானத்தில் தூசி அதிகம்.

பந்து பட்ட சத்தம் ஷாமியானா வரை கேட்டதாம். ஜெனோ கையை எந்தப் பக்கமும் தூக்கவில்லை. விழுந்த பிறகும் தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள், யாரோ கூப்பிடுவதற்குக் காத்திருப்பது மாதிரி.

ஆட்டத்தை நிறுத்தவில்லை. வேறொருத்தி பந்து போட்டாள். நான் பிடித்தேன். கை அசையவே இல்லை.

ஜனவரி 8

மதுரையில் பெரிய கண் ஆஸ்பத்திரி. மேடமும் நானும் வராந்தாவில் நின்றோம். கன்ன எலும்பு உடைந்திருக்கிறது, அது சேர்ந்துவிடும் என்றார் டாக்டர். கண் சேராது.

"இது முந்தாநாள் பட்ட அடியால மட்டும் வந்ததில்ல. விழித்திரை கழண்டு வாரக்கணக்காச்சு. மொத வாரமே வந்திருந்தா ஒட்ட வச்சிருக்கலாம். முன்னாடி அடிபட்டுச்சா?"

"போன மாசம் லேசா பட்டுச்சு சார்" என்றார் மேடம். அவர் குரலே மாறிவிட்டது. "சொட்டு மருந்து போட்டோம், சரியாயிட்டுன்னுதான் நெனச்சேன். நல்லாத்தான சார் வெளையாடினா..."

"பார்வை மறைக்குதுன்னு அந்தப் பொண்ணு யார்கிட்டயுமே சொல்லலையா?"

மேடம் என் பக்கம் திரும்பினார். "நீதான எப்பவும் கூடக் கெடப்ப. ஒன்கிட்ட ஏதும் சொன்னாளா பேச்சி?"

"இல்ல மேடம்."

மத்தியானம் ஜெனோவின் அம்மா வந்தார். வந்த வேகத்தில் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவர் கையில் உப்பு வாசனை அடித்தது. "நீதான பேச்சி? லீவுக்கு வந்தப்ப பூராவும் ஒன் பேச்சுதாம்மா. பேச்சி பாத்துக்கிடுதா, பேச்சி பாத்துக்கிடுதான்னு சொல்லிக்கிட்டே இருந்தா" என்று என் கையில் முகத்தை வைத்து அழுதார்.

கையை உருவிக்கொள்ள முடியவில்லை.

ஜனவரி 12

பட்டியல் வந்துவிட்டது. கேட்சர்: மா. பேச்சியம்மாள். மேடம் போனில் சொன்னார். வாழ்த்துகள் என்று சொல்லவில்லை. பேர் இருக்கிறது என்றார், வைத்துவிட்டார்.

அப்பா கடையில் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார்.

ஜனவரி 14

பொங்கல்.

ஜனவரி 17

ஜெனோவைப் பார்க்கப் போனேன். போகாமல் இருக்க முடியுமா? ஆரஞ்சுப் பழம் வாங்கிப் போனேன். அவள் அம்மா டீ வாங்கப் போனார்.

பாதி முகத்துக்குக் கட்டு. நான் கட்டிலின் வலது பக்கம் போய் உட்கார்ந்தேன். பழக்கம்.

"லிஸ்ட்ல ஒம் பேரு இருக்காமே" என்றாள்.

"ம்."

"டாக்டரு கேட்டாரு, எப்பலேந்து தெரியலன்னு. தெரியும், யார்ட்டயும் சொல்லலன்னுட்டேன்."

"எதுக்குட்டி அப்படிச் சொன்ன?"

"நீயும் அப்படித்தான சொல்லியிருப்ப."

ஆரஞ்சை உரித்துக் கொடுத்தேன். ஒரு சுளையை வாங்கிக் கையிலேயே வைத்திருந்தாள்.

"ஏன் உமா வேண்டாம்னு ஒன்னையவே திருப்பிக் கேட்டேன்னு நீ யோசிச்சியா பேச்சி?"

"பழகுன கைன்னு மேடம் சொன்னாக."

"உமாவுக்குத் தெரிஞ்சா ஒடனே போயிச் சொல்லிருவா. மேடம், கூடப் படிக்கவளுக, யாருக்குத் தெரிஞ்சாலும் என்னையத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவாக. ஒனக்குத் தெரிஞ்சா மட்டும் நீ வாயத் தொறக்க மாட்டன்னு நெனச்சேன். நெனச்ச மாதிரியே தொறக்கல." அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "எனக்கும் ஆடணும்னு வெறி. ஒன்னைய மட்டும் சொல்லி என்ன."

"நான் ஏன் வாயத் தொறக்க மாட்டேன்?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அன்னைக்குப் பெப்பர்ல மேடம் சொன்ன மாதிரி ஒம் மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு நின்னேன். ரெண்டு கண்ணாலயும் கடைசியா நல்லாப் பாத்தது அதுதான்."

என்ன தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. பசி தெரிந்தது என்று சொல்வாள், சிரிப்பாள் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். அவள் அம்மா டீயோடு வந்துவிட்டார்.

ஜனவரி 22

பல்கலைக்கழக அணியின் பயிற்சி முகாம். காலை ஓட்டம், ஒற்றை முழங்கால் எறிதல், சுவர்ப் பந்து. பிறகு பெப்பர். யாரையும் எனக்குத் தெரியாது. இங்குள்ள கோச் பேட்டை என் கையில் கொடுத்தார். எதிரே ஐந்து பேர் அரைவட்டமாக என் முகத்தைப் பார்த்து நின்றார்கள்.

மாஸ்க் போட்டுக்கொள்கிறேனே சார் என்று கேட்டேன். பேட் பிடிக்கிறவளுக்கு எதற்கு மாஸ்க் என்று எல்லோரும் சிரித்தார்கள்.